நாலாவது கியரில் ஏறியவர்

கம்சலா மோட்டார் சைக்கிளைக் கொன்றுவிட்டாள் என்ற செய்தி, அவள் அதைத் தள்ளிக்கொண்டு மலை இறங்குவதற்கு முன்பே தோட்டத்து ஆபீஸுக்கு வந்து சேர்ந்துவிட்டது. மேக்கணக்கில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். பார்த்தவர்கள் அடுத்த நிரைக்குச் சொன்னார்கள். அடுத்த நிரை கங்காணி இராசையாவுக்குச் சொன்னது. இராசையா ஆபீஸ் வாசலில் வந்து நின்று சொன்னபோது அதற்குக் கையும் காலும் முளைத்திருந்தன.

"மூணாவது வளைவுல ஏறும்போது முறுக்கினா பாருங்க ஒரு முறுக்கு. பன்னிய அறுக்கிற மாதிரி கத்துச்சு. அப்புறம் உள்ளுக்குள்ள படக்குனு ஒரு சத்தம். செத்துப் போச்சு."

"யாரு, மிஸ்ஸியா?"

"மிஸ்ஸி நல்லாத்தான் இருக்கா. பைக்குதான் செத்துப் போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கம்சலா வந்து சேர்ந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, கைப்பிடியில் தராசுப் பை தொங்கியபடி.

அவள் வெள்ளக்கல் தோட்டத்து மருத்துவிச்சி. வயது இருபத்தாறு. கீழ்க்கணக்கு லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, படித்து, பயிற்சி முடித்து, அதே தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவள். நேற்றுவரை 'அடியே' என்று கூப்பிட்டவர்களெல்லாம் வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் 'மிஸ்ஸி' என்று கூப்பிடப் பழகினார்கள். கீழ்க்கணக்கு, நடுக்கணக்கு, மேக்கணக்கு என்று தோட்டத்துக்கு மூன்று பிரிவு. மேக்கணக்குக்கு நடந்தால் இரண்டு மணி நேரம். அங்கே அப்போது பதினான்கு பேர் பிள்ளைத்தாய்ச்சிகள். இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு ஒரு நலன்புரி மன்றம் தோட்டத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிளைக் கொடுத்து, இரண்டு பேர் ஓட்ட வேண்டும் என்றது. திங்கள், புதன், வெள்ளி கம்சலாவுக்கு. மற்ற மூன்று நாளும் நலன்புரி உத்தியோகத்தர் தங்கராஜாவுக்கு.

தங்கராஜா ஆபீஸ் படியில் நின்றிருந்தார். ஐம்பது வயது, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. செத்த பைக்கைச் சுற்றி வந்து, பெட்ரோல் டாங்கியைத் தடவிப் பார்த்தார்.

"நான் சொல்லல? இது பொம்பளப் புள்ள கையில தாங்காதுன்னு நான் சொல்லல?"

"ஐயா, ஏத்தத்துல கியரக் குறைச்சா எஞ்சினு கொஞ்சம் சத்தம் போடத்தான் செய்யும். பழக்கிக் குடுத்தப்ப பதுளை கராஜ் ஷுக்ரி நானா அப்படித்தான் சொன்னாரு. அன்னிக்கு நீங்க வரல."

"நான் என்னத்துக்கு வரணும்? இருவது வருசமா ஓட்டுறேன். நாலாவது கியர்ல போட்டேன்னா மேக்கணக்கு உச்சி வரைக்கும் கியர்ல கால் வைக்க மாட்டேன். எஞ்சினு தூங்குற புள்ள மாதிரி முனகிக்கிட்டே போகும். எறங்கும்போது சாவியவே போட மாட்டேன். சும்மா உருட்டிக்கிட்டே கீழ வந்து சேருவேன். மாசக் கடைசியில என் பங்கு பெட்ரோல்ல மிச்சம் இருக்கும், தெரியுமா?"

"தெரியுங்க. ஏறும்போது அது முனகல. திணறுது. நானும் கேட்டிருக்கேன்."

"கேட்டுக்கிட்டியா இராசையா? அது திணறுறது இவங்களுக்குக் கேக்குதாம். இவங்க போடுற சத்தத்துல தோட்டமே திணறுது, அது கேக்கல."

இராசையாவுக்கு இது பிடித்துப் போயிற்று. "ஐயா வந்தா வந்ததே தெரியாது. மிஸ்ஸி வந்தா தூங்குற புள்ளையெல்லாம் முழிச்சிக்கிது."

ஆபீஸ் கிளாக்கர் எட்டிப் பார்த்து, மன்றத்துக்கு டெலிபோன் போட்டாகிவிட்டது என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அங்கிருந்து சிவசுப்பிரமணியம் சார் விசாரணைக்கு வருகிறாராம். யார் கெடுத்தாரோ அவருக்கு இனி பைக் இல்லை.

கம்சலா கைப்பிடியிலிருந்து தராசுப் பையைக் கழற்றினாள். மேக்கணக்கு ராமலட்சுமிக்கு எட்டாம் மாதம். போன வாரத்திலிருந்து கால் வீங்கியிருக்கிறது. அவளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிரஷர் பார்க்க வேண்டும். அந்தக் காலைப் பார்க்கத்தான் அன்று ஏறிக்கொண்டிருந்தாள்.

பைக்கைத் தோட்டத்து லொறியில் ஏற்றிப் பதுளைக்கு அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை கம்சலா லீவு போட்டுவிட்டு, பஸ்ஸில் ஷுக்ரியின் கராஜுக்குப் போனாள். அவர் எஞ்சினைப் பிரித்து, சாக்குமேல் ஒவ்வொன்றாகப் பரப்பி வைத்திருந்தார்.

"வா புள்ள. மையத்தப் பாக்க வந்தியா?"

"நான்தான் கொன்னேன்னு சொல்றாங்க நானா."

"யாரு செல்றது?"

"தோட்டமே சொல்லுது."

ஷுக்ரி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, முழங்கை எலும்பு போல நீண்ட ஓர் இரும்பை எடுத்துக் காட்டினார்.

"இதுதான் கனெக்டிங் ரொட். மேல பிஸ்டன் அடிக்கிற அடியெல்லாம் வாங்குறவன் இவன்தான். கீழ ஈக்கிற இந்த பெயாரிங்கப் பாரு. அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா ஈக்குது. இது முறுக்கினதால வந்ததில்ல."

"முறுக்கினா எப்படி இருக்கும்?"

"அது வேற தினுசு. ரிங் தேயும், சிலிண்டர்ல கோடு கோடா விழும், வால்வு எரியும். சும்மா நிப்பாட்டி வச்சு உறுமுறானுகளே டவுன் பொடியனுங்க, அவனுகட எஞ்சினக் கழட்டினா அதெல்லாம் பாக்கலாம். இது அப்பிடியில்ல, அடி வாங்கிச் செத்தது. ஏத்தத்துல பெரிய கியரப் போட்டு, எஞ்சினச் சுத்தவும் விடாம, பாரத்த மட்டும் அது தலையில வச்சிருக்காக. நீ கொழுந்துக் கூடையத் தூக்கிட்டு மலை ஏறுறப்ப சின்னச் சின்ன அடியாத்தானே வைப்பே? ஒவ்வொரு அடியையும் ஒரு ஆளு நீளத்துக்கு எட்டி வச்சுப் பாரு, முழங்கால் என்னாகும்ன்டு தெரியும்."

"ஐயாதான் நாலாவது கியர்லயே ஏறுவாரு."

"எறங்குறப்ப எஞ்சின நிப்பாட்டிட்டு உருட்டுறதும் அவருதானே?"

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"பிரேக்குல ஒண்ணுமில்ல, தகடு தெரியுது. எஞ்சின் புடிக்க வேண்டியதையும் சேத்து பிரேக்கே புடிச்சிருக்கு. அடிவாரத்துக்கு வந்து, கியரப் போட்டு, கிளச்ச படார்ன்டு விட்டு ஸ்டார்ட் பண்ணியிருக்காரு. ரெண்டு பல்லு ஒடஞ்சீக்குது. பெட்ரோல மிச்சம் புடிச்ச மனுசன் எஞ்சினச் செலவழிச்சிட்டாரு."

கம்சலாவுக்குச் சிரிப்பு வந்தது. ஷுக்ரி சிரிக்கவில்லை.

"ஆனா நீயும் சுத்தமில்ல. காலையில குளிருல ஸ்டார்ட் பண்ணின ஒடனே ஏத்தத்துல ஏத்திருவியா?"

"மழை நாள்ல ஒண்ணு ரெண்டு தரம்... நேரமாயிடுச்சுன்னு."

"ரெண்டு நிமிசம் பொறுக்க ஏலாதா? எண்ணெ மேல ஏற வேணாமா? இந்தா, சிலிண்டர்ல ஒரு கீறல். இது ஒன்ட கை."

"அதால செத்திருக்குமா?"

"அதால சாகுறதுன்டா இன்னும் பத்து வருசம் ஓடிட்டுத்தான் சாகும்."

"இத வெள்ளிக்கெழமை தோட்டத்துக்கு வந்து சொல்லுவீங்களா நானா? இல்லாட்டி எனக்குப் பைக்கு இல்ல."

"வேலையப் போட்டுட்டா?" அவர் கொஞ்ச நேரம் அந்த இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, வாறேன். ஒனக்காக இல்ல. நான் பழக்கிக் குடுத்தவ பைக்கக் கொன்னுட்டான்டு செல்லுவாக. எனக்குத்தானே வெக்கம்."

வெள்ளிக்கிழமை விசாரணை ஆபீஸ் முன்னறையில் நடந்தது. சிவசுப்பிரமணியம் யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் நீண்ட காலமாக வேலை பார்ப்பவர். யாரையும் அதட்டிப் பேசமாட்டார். எல்லாரையும் கதிரையில் உட்காரச் சொன்னார். ஷுக்ரி தாம் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்த பொதியை மேசைமேல் பிரித்து, பதுளையில் சொன்னதையே ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார். கீறலைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கவில்லை.

சிவசுப்பிரமணியம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பெயாரிங்கைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார்.

"தங்கராஜா, இதைப் பார்த்தனீங்களோ?"

"சார், இருவது வருசமா ஓட்டுறேன். நான் ஓட்டி என்னைக்காவது எஞ்சினு கத்தியிருக்கா? தோட்டத்தையே கேளுங்க."

"கத்தேல்லை எண்டது உண்மைதான். கத்துறதுக்கும் அதுக்குச் சீவன் இருக்கோணுமே."

வாசலில் நின்ற கிளாக்கர் சிரித்துவிட்டு, சிரித்ததை இருமலாக மாற்றினார். தங்கராஜாவின் காதெல்லாம் சிவந்தது. கம்சலாவுக்கு அந்த நிமிடம் மிகவும் பிடித்திருந்தது. பைக் தனக்குத்தான் என்று அவள் மனத்துக்குள் மேக்கணக்குக்குப் பாதி ஏறிவிட்டாள்.

"பிள்ளை, உம்மிலை ஒரு பிழையும் இல்லையோ?"

ஷுக்ரி அவளைப் பார்த்தார். 'இல்லை' என்ற ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. ஆனால் மற்றவரின் பிழையை மேசைமேல் பரப்பி வைத்துவிட்டுத் தன்னுடையதைப் பொத்தி வைப்பது அவளுக்குக் கூசியது.

"காலையில எஞ்சினு சூடாகுறதுக்கு முந்தியே ஓட்டிட்டேன் சார், ரெண்டு மூணு நாள். சிலிண்டர்ல ஒரு கீறல் இருக்கு. அது என்னோடது."

"யா அல்லாஹ்," என்றார் ஷுக்ரி மெதுவாக.

"பாத்தீங்களா சார்," என்று தங்கராஜா நிமிர்ந்தார். "அவங்களே சொல்றாங்க."

"அந்தக் கீறலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சார்," என்றார் ஷுக்ரி. "அது காலுல முள்ளு குத்தின மாதிரி. இது காலே முறிஞ்சது."

"விளங்குது, விளங்குது." சிவசுப்பிரமணியம் பெயாரிங்கைப் பத்திரிகையிலேயே வைத்தார். "கூடக் குறைய இருக்கலாம். ஆனா ரெண்டு பேரிலையும் பிழை இருக்கு. எனக்கு இதிலை விளங்கிறது என்னெண்டா, ஒரு இயந்திரத்தை ரெண்டு பேர் ரெண்டு விதமா ஓடக்கூடாது. இனி ஒரு ஆள்தான் ஓடவேணும்."

எல்லாரும் காத்திருந்தார்கள்.

"தங்கராஜாவுக்குப் பதுளை, பண்டாரவளை எண்டு அலைச்சல். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், எல்லாம் அவர்தானே. உமக்குத் தோட்டத்துக்குள்ளைதானே வேலை. நீர் இங்கை பிறந்து வளர்ந்த பிள்ளை, மலை ஏறிப் பழக்கம்."

"அவருதானே சார் கெடுத்தது?"

"அதைத்தான் இப்ப நிரூபிச்சாச்சே. தான் விட்ட பிழை அவருக்கு இப்ப விளங்கிட்டுது. விளங்கின ஆள் திரும்பச் செய்யமாட்டார்."

"எனக்கு முந்தியே விளங்கியிருந்துச்சே சார்."

"ஓம், ஓம். அதனாலைதான் சொல்லுறன், நீரே அவருக்கு அந்த ஏத்தம் ஏறிற முறையைப் பழக்கிவிடும். உம்மைவிட நல்லாச் சொல்லிக் குடுக்க ஆர் இருக்கினம்?"

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். ஷுக்ரி இரும்பையெல்லாம் திரும்பப் பத்திரிகையில் சுற்றினார். வெளியே வந்ததும், "ஒன்ட வாய எங்க கொண்டுபோய் வைக்கிற?" என்றார் கம்சலாவிடம். பிறகு, "போ. சாப்பிட்டியா?" என்றார்.

மூன்று வாரத்தில் பைக் புது பெயாரிங்கோடு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாடம் நடந்தது. தங்கராஜாவுக்குப் பின்னால் கம்சலா ஏறி உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க முடியாது. தோட்டம் அதற்கு வேறு கதை கட்டும். அதனால் கம்சலா முன்னதாக நடந்து போய் மூன்றாவது வளைவில் நின்றுகொண்டாள். தங்கராஜா கீழிருந்து ஏறி வந்தார். வளைவைத் தாண்டியதும் எஞ்சின் திணறி நின்றது.

"எந்த எடத்துல கியரக் குறைக்கணும்?"

அவள் அவரைப் பார்த்தாள். இன்னும் நூறடி தள்ளி என்று சொன்னால் போதும். இன்னொரு வருடத்தில் இன்னொரு பெயாரிங் போகும். அப்போது கேட்பதற்கு இன்னொரு விசாரணை வரும். ஆனால் பைக் கண்ணுக்கு முன்னால் சூடாகி, மூச்சுவிடுகிற மாதிரி டிக் டிக்கென்றபடி நின்றது.

"வளைவுக்கு முந்தி ஐயா. அந்த சவுக்கு மரத்துகிட்ட வரும்போதே மூணுக்கு எறக்குங்க. எஞ்சினு கெஞ்சுற வரைக்கும் விடாதீங்க. வளைவுல ரெண்டு."

"கத்துமே."

"கத்தட்டும். கத்துனா அதுக்கு வலிக்கலன்னு அர்த்தம். ரொம்பக் கத்துனா மாத்திருங்க. நடுவுல ஒரு சத்தம் இருக்கு, கேட்டுக்கிட்டே இருந்தா புடிபட்டுடும்."

மூன்றாம் தடவை ஏறியபோது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. பைக் சீராக, ஒரே குரலில் மேலே போய்த் திரும்பி வந்தது. இறங்கும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தங்கராஜாவின் முகத்தில் பிள்ளை மாதிரி ஒரு சந்தோஷம்.

"அட, இவ்வளவுதானா. இத முந்தியே சொல்லிக் குடுத்திருந்தா அந்த எஞ்சினு போயிருக்காதுல்ல?"

"சொன்னேனே ஐயா."

"சொன்னீங்க. இப்படிச் சொல்லல."

பைக் பதுளையில் கிடந்த நாளெல்லாம் கம்சலா ரோட்டில் வண்டியோடு போன ஆட்களையெல்லாம் கெஞ்சி, ஒரு நாள் லொறியிலும் ஒரு நாள் மரக்கறி ட்ரக்டரிலும் மேக்கணக்குக்குப் போய் வந்தாள். இப்போது பைக் வந்துவிட்டது. கெஞ்சினாலும், "அதான் பைக்கு வந்துருச்சே" என்றார்கள். திங்கட்கிழமை கீழ்க்கணக்கிலும் நடுக்கணக்கிலும் பார்த்து முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. செவ்வாய்க்கிழமை நடுக்கணக்கில் ஒரு பிரசவம். புதன்கிழமைதான் மேக்கணக்குக்கு நடந்தாள். அவள் தாய்மாரைப் பார்க்கும் பிள்ளை மடுவத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ரெங்கம்மா மட்டும்தான் இருந்தாள்.

"ஒருத்தரும் வரலியா ரெங்கம்மாக்கா?"

"நீ வந்ததே யாருக்கும் தெரியாதே. பைக்கு சத்தம் கேட்டாத்தான கங்காணி மலையில இருந்து எறங்க விடுவாரு. பூனை மாதிரி வந்து நிக்கிற."

"ராமலட்சுமி எங்க?"

"பதினோராம் நம்பர் மலையில."

மலையில் இராசையா தடியை ஊன்றி நின்றார். "நெரை பறிச்சு முடியல மிஸ்ஸி, இப்ப எப்படி விடுறது?" என்றார். கம்சலா அவரைத் தாண்டிப் போய், தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ராமலட்சுமியின் கூடையைக் கழற்றி, அவளை வடிகான் மேட்டில் உட்கார வைத்துக் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றினாள். ராமலட்சுமியின் முகமும் இப்போது வீங்கியிருந்தது.

காற்றடித்தாள். இறக்கினாள். மறுபடியும் காற்றடித்தாள். அதே உயர்ந்த எண்தான் வந்தது.

"கங்காணி, இவள இப்பவே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். இல்லாட்டி வலிப்பு வந்துரும்."

"கொழுந்து லொறி நாலு மணிக்குத்தான்."

"ஆபீஸுக்கு ஆள் அனுப்புங்க. வேன் வேணும்னு சீட்டு எழுதித் தாறேன். ஓடச் சொல்லுங்க."

"அவன் கீழ போய்ச் சேர ஒண்ணரை மணி நேரம். ஐயா பைக்குல இருந்தா..." இராசையா நிறுத்திக்கொண்டார். ஐயா அன்று காலையிலேயே பண்டாரவளைக்குப் போயிருந்தார்.

ஆள் சீட்டோடு ஓடினான். இரண்டு பெண்கள் ராமலட்சுமியைத் தாங்கிக்கொண்டு ரோட்டோரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டுவந்தார்கள். சாக்கை விரித்து, இடப் பக்கமாகப் படுக்க வைத்தாள் கம்சலா.

"தலை வலிக்குதா?"

"திங்கக்கெழமையில இருந்தே வலிக்குது மிஸ்ஸி. இப்ப கண்ணு முன்னுக்குப் பூச்சி பறக்குது."

"கங்காணிகிட்ட சொல்லலியா?"

"சொன்னேன். மிஸ்ஸி சத்தம் கேட்டதும் எறங்கிப் போன்னாரு. காதக் குடுத்துக்கிட்டேதான் பறிச்சேன்."

கம்சலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு இருபது.

"கொஞ்சம் தூங்கட்டா மிஸ்ஸி?"

"தூங்காத. பேசிக்கிட்டே இரு."

"என்னத்தப் பேச?"

"எதையாவது பேசு."

ராமலட்சுமி கண்ணைத் திறந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது.

"நேத்து ஒரு கூத்து நடந்துச்சு. கொண்டை ஊசி வளைவுல பைக்கு ஏறுற சத்தம் கேட்டுச்சு. அசலா உங்க சத்தம் மிஸ்ஸி. வளைவுக்கு முந்தி ஒரு தரம் எறங்கி, வளைவுல ஒரு தரம் எறங்கி. மிஸ்ஸி வந்துட்டாங்கன்னு கூடையெல்லாம் போட்டுட்டு நாங்க பன்னெண்டு பேரு எறங்கி ஓடுனோம். நான் வயித்தப் புடிச்சுக்கிட்டே ஓடுறேன்."

"அப்புறம்?"

"பாத்தா ஐயா. 'என்னா, எனக்கு வரவேற்பா'ன்னு சிரிக்கிறாரு. கங்காணி வந்து, வேலைய விட்டுட்டு எறங்குனதுக்குப் பன்னெண்டு பேருக்கும் அரைப் பேரு போட்டு, பாதிச் சம்பளத்த வெட்டிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா மிஸ்ஸி. இனிமே சத்தம் கேட்டாலும் எறங்குறதில்லன்னு பேசிக்கிட்டோம்." அவள் கண்கள் மறுபடியும் மூடிக்கொண்டு வந்தன. "பைக்கு நல்லா ஓடுது மிஸ்ஸி. ஐயாவுக்கு யாரோ நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"ராமலட்சுமி, கண்ணத் தொற. இன்னும் பேசு."